டென் ஏ ஒன்னும் நைட் டூட்டியும்

நான் டாக்டர் இல்லை. டாக்டர்களுக்குக் கவர் கொடுத்தவன். வைகைக்கு வடகரையில் ஒரு நர்சிங் ஹோமில் 1981இல் கணக்கெழுதச் சேர்ந்தேன். பிறகு மேனேஜர் என்று பெயர் மாறியது. கொரோனாவுக்கு முந்தின வருஷம் வரை அங்கேயே இருந்தேன். மாதக் கடைசியில் டூட்டி சார்ட்டைப் பார்த்து, யார் எத்தனை நைட், எத்தனை இருபத்துநாலு மணி நேரம் என்று கூட்டி, பணத்தைக் கவரில் போட்டு, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து வாங்குவேன். வேலை அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கவரை வாங்க வந்த முகங்களை நினைத்துப் பார்த்தால், ஒருவர்கூட டூட்டி டாக்டராக இருக்க வேண்டும் என்று வந்தவர் இல்லை. ஹவுஸ் சர்ஜன் முடித்துப் பி.ஜி. பரீட்சைக்குப் படிக்கிறவர், சர்க்கார் ஆர்டருக்காக உட்கார்ந்திருப்பவர், விசாவுக்காக இருப்பவர், பிள்ளை பெற்று ஒரு வருஷம் கழித்து மறுபடி ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் பெண். எல்லாரும் வேறு எதற்கோ காத்திருந்தவர்கள். அந்தக் காத்திருப்புக்கு ஒரு சந்தை விலை இருந்தது. அந்த விலையைத்தான் நான் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இது தனியார் ஆஸ்பத்திரிகள் கண்டுபிடித்த வழக்கம் என்று நினைத்தால் தப்பு. சர்க்கார்தான் மூத்தவர்.

என் அப்பா உசிலம்பட்டிப் பக்கம் ஜில்லா போர்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். போர்டு ஆஸ்பத்திரி என்றால் மூன்று அறை, ஒரு திண்ணை, மிக்சர் பாட்டில்கள், வேப்பமரம். டாக்டர் லீவில் போனால் மதுரையிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக ஒருவர் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒரு மாசமோ இரண்டு மாசமோ இருப்பார். அவர் எழுதும் சீட்டை வாங்கிக்கொண்டு நோயாளிகள் அப்பாவின் ஜன்னலுக்கு வந்து, "பழைய அய்யா எப்ப வருவாக?" என்று கேட்பார்களாம். வந்தவர் திறமைசாலியா இல்லையா என்பது யாருக்கும் கேள்வியே இல்லை. அடுத்த தடவை வரும்போது இவர் இருக்க மாட்டார், அது போதும். புது டாக்டருக்கு ஊர் வழக்கம், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த வீட்டில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது கம்பவுண்டர்தான். அவர் கற்றுக்கொண்டு முடிக்கிற நேரத்தில் பழையவர் திரும்பி வந்துவிடுவார்.

அப்பா அடிக்கடி சொன்ன இன்னொரு இனம், மானிய டாக்டர். இவர்களுடைய கதை மதுரைக்காரர்களின் கண் முன்னாலேயே ஒரு பெயர்ப் பலகையாக இருக்கிறது. பெரியாஸ்பத்திரி இருக்கும் சாலைக்குப் பனகல் சாலை என்று பேர். நீதிக்கட்சியின் பனகல் அரசர் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தது 1921 முதல் 1926 வரை. அந்த ஆட்சியில், 1924 வாக்கில், கிராம மருத்துவ உதவித் திட்டம் ஒன்று வந்தது. ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி கட்டிச் சம்பள டாக்டர் போட மாகாணத்திடம் பணமில்லை. அதனால் பட்டமோ உரிமமோ பெற்ற ஒரு டாக்டர் கிராமத்தில் போய்க் குடியிருந்தால் அவருக்கு வருஷத்துக்கு ஒரு மானியம், மருந்துக்கு ஒரு தொகை. ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்க வேண்டும். வசதி உள்ளவர்களிடம் ஃபீஸ் வாங்கிக்கொள்ளலாம். நாட்டு வைத்தியர்களுக்கும் இதே திட்டத்தில் இடம் இருந்தது.

காகிதத்தில் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு. நாலைந்து வருஷத்தில் டாக்டருக்கு ஊரில் பேர் நிலைத்துவிடும், ஃபீஸ் வருமானம் வளரும், மானியம் ஒரு பக்கத் துணையாகிவிடும். கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி தண்ணீர் பாயும் ஊர்களில் இது நடந்திருக்கலாம். உசிலம்பட்டி, பேரையூர், சேடபட்டி மாதிரி வானம் பார்த்த பூமியில் ஃபீஸ் என்பது ஒரு கோழி, அரைமரக்கால் கேப்பை. மழை இல்லாத வருஷம் அதுவும் இல்லை. இவர் சர்க்கார் டாக்டர் மாதிரி வேலை செய்தார், ஆனால் சர்க்கார் உத்தியோகஸ்தர் இல்லை. பென்ஷன் இல்லை, பதவி உயர்வு இல்லை, மாற்றலும் இல்லை. மாற்றல் இல்லை என்பது நல்லதுதானே என்று தோன்றும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வயசு வந்தால்தான் அதன் அருமை தெரியும். மதுரைக்கு மாற்றல் கேட்க இவர்களுக்கு ஆபீஸே கிடையாது. மானியத்தை விட்டுவிட்டு டவுனில் போர்டு மாட்டுவது ஒன்றுதான் வழி.

அந்தக் காலத்து டாக்டர்களில் பெரும்பாலானோர் எல்.எம்.பி.க்காரர்கள். ராயபுரத்திலும் தஞ்சாவூரிலும் இருந்த மருத்துவப் பள்ளிகளில் படித்து உரிமம் வாங்கியவர்கள். பட்டதாரிகளைவிட ஒரு படி கீழே வைக்கப்பட்டவர்கள். 1946இல் வந்த போர் (Bhore) சுகாதாரக் கமிட்டி அறிக்கைக் கணக்கில், இந்தியாவில் பதிவு பெற்ற 47,524 டாக்டர்களில் 29,870 பேர் இவர்கள்தான். அதே அறிக்கைதான் இனி இந்தப் படிப்பே வேண்டாம், எல்லாருக்கும் ஒரே பட்டம் என்றது. கொள்கையாக அது சரி. ஆனால் கிராமத்துக்குப் போகத் தயாராக இருந்த ஒரு வகுப்பே அதோடு நின்றுபோனது. பட்டம் பெற்றவருக்குக் கிராமம் ஒரு நிறுத்தம், இறங்குமிடம் இல்லை. அன்றிலிருந்து மதுரையைச் சுற்றிய சமவெளியில் டாக்டர் இடம் எப்போதும் யாரோ ஒருவருடைய இடைவேளையைக் கொண்டுதான் நிரப்பப்பட்டது.

யுத்தமும் ஒரு தற்காலிக வேலைதான். முதல் உலகப் போரில் இந்திய மருத்துவப் பணியில் ஏராளமான இந்திய டாக்டர்களுக்குத் தற்காலிக கமிஷன் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் போரிலும் அதே கதை. 1943இல் இந்திய ராணுவ மருத்துவப் படை உருவானதும் புதுப் பட்டதாரிகள் வரிசையாகச் சேர்ந்தார்கள். மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரும் அதில் இருந்தார், கண் டாக்டர் ஜி. வெங்கடசாமி. ஸ்டான்லியில் படித்து ராணுவத்துக்குப் போனவர், கை விரல்களைக் கோணலாக்கிய முடக்குவாதத்தோடு வெளியே வந்தார். பிறகு அரசுப் பணி, 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவு. 58 வயதில் ஓய்வு பெற்று 1976இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவர் கதையை எல்லாரும் தியாகக் கதையாகச் சொல்வார்கள். கணக்குப் பிள்ளையான எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. துணிந்து ஒன்றைத் தொடங்கும் வயதில் அவருக்குப் பின்னால் முழு சர்வீஸ் இருந்தது. எங்கள் டூட்டி சார்ட்டில் இருந்த யாருக்கும் அது இல்லை.

மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் வந்தது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அப்பா தலைமுறை சொன்ன பெரியாஸ்பத்திரிதான் அதன் பயிற்சிக் கூடம். 1952க்குப் பிறகு சமூக வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்களும் வர ஆரம்பித்தன. இடங்கள் கூடின, டாக்டர்களும் கூடினார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்து வைக்கும் வேலை அன்று பப்ளிக் சர்வீஸ் கமிஷனிடம் இருந்தது. அது பரீட்சை வைத்து, பட்டியல் போட்டு, ஆர்டர் அனுப்பி முடிப்பதற்குள் கிராமத்தில் நாற்காலி காலியாகக் கிடக்கும். அந்த இடைவெளிக்குத்தான் டென் ஏ ஒன்.

தமிழ்நாடு அரசுப் பணி விதிகளில் 10(ஏ)(1) என்று ஒரு உட்பிரிவு. அவசரத் தேவை இருந்தால், வழக்கமான தேர்வு முறைக்கு வெளியே, தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்த சீனியாரிட்டிப்படி கூப்பிடுவார்கள். சம்பளம் அரசுச் சம்பளம்தான். நாற்காலியும் அதேதான். ஆனால் கமிஷன் தேர்வில் வந்த ஆள் சேர்ந்தால் இவர் எழுந்துவிட வேண்டும். 2016இல் புதிய பணி நிபந்தனைச் சட்டம் வந்து விதி எண்ணே மாறிவிட்டது. டாக்டர்கள் வாயில் இன்னும் அது டென் ஏ ஒன்தான். "அவர் கமிஷனா, டென் ஏ ஒன்னா?" என்று பெண் வீட்டார் விசாரித்ததை நானே கேட்டிருக்கிறேன். ஒரே ஓ.பி.யில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்காரும் இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் கல்யாணச் சந்தையிலேயே விலை வித்தியாசம் இருந்தது.

எங்கள் நர்சிங் ஹோமில் நைட் டூட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ஆர்டர் வந்தது, டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு சுகாதார நிலையம். டென் ஏ ஒன். என்னிடம் வந்து, "அண்ணே, போகலாமா?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். சம்பளம் எங்கள் கவரைவிட அதிகம். ஆனால் பி.ஜி.க்குப் படிக்கும் நேரம் போய்விடும். போய் இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடித்தால், மேல்படிப்பில் அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில் வரிசை கிடைக்கலாம். தாக்குப்பிடிக்கும் முன்னால் கமிஷன் ஆள் வந்துவிட்டால் இரண்டும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்கலாம் என்ற அனுமதி பல காலமாக உண்டு. அதுதான் உண்மையான சொத்து. நிரந்தர ஆள் முதல் வருஷமே பஸ் ஸ்டாண்டு அருகில் கிளினிக் பிடித்து, நாற்பது வயசுக்குள் அந்த ஊரின் டாக்டராகிவிடுவார். எழுந்து போக வேண்டிய ஆள் எந்த நம்பிக்கையில் அட்வான்ஸ் கொடுத்து இடம் பிடிப்பது? அவர் போனார். கிளினிக் போடவில்லை. சாயங்காலம் புத்தகம் படித்தார்.

இவர்களை வரன்முறை செய்ய அவ்வப்போது சிறப்புத் தகுதித் தேர்வு வைப்பார்கள். ஏற்கனவே பல வருஷம் நோயாளி பார்த்துவிட்ட ஒருவர், தான் டாக்டர் வேலைக்குத் தகுதியானவர் என்று மறுபடி எழுதிக் காட்ட வேண்டும். சீனியாரிட்டி பிறகுதான் ஆரம்பிக்கும். 2006 ஏப்ரல் 10ஆம் தேதி உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முறையான தேர்வு இல்லாமல் உள்ளே வந்த தற்காலிகர்களுக்கு நிரந்தரம் கேட்கும் உரிமை இல்லை என்று சொன்ன பிறகு, "இருந்தால் ஒரு நாள் பண்ணிவிடுவார்கள்" என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அதற்கு முன்பே 2001இல் இன்னொரு அடி. அந்த வருஷம் நவம்பரில் அரசுப் பணியிடங்களை நிரப்பத் தடை ஆணை வந்தது. 2006 வரை அது நீடித்தது. ஆனால் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் தடை ஆணை கிடையாதே. அதனால் தொகுப்பூதியம் என்ற ஏற்பாடு டாக்டர்களுக்கும் வந்தது. டென் ஏ ஒன் டாக்டருக்காவது சம்பள விகிதம் இருந்தது. இங்கே மாதம் ஒரு தொகை, பஞ்சப்படி இல்லை, இன்க்ரிமெண்ட் இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனும் போய், பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. அந்தத் தேதிக்கு முன் தற்காலிகமாக வந்து, பின்னால் வரன்முறை ஆனவர் எந்தப் பக்கம்? அரசு ஊழியர்களில் பல வகையினருக்கு இந்தக் கேள்வி கோர்ட்டு வரை போனது. 2004இல் உயர் நீதிமன்றக் கிளை மதுரைக்கே வந்துவிட்டதால் சென்னைக்கு ரயிலேறும் செலவாவது மிச்சமானது.

2007இல் நடந்ததையும் இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ், எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் ஒரு வருஷம் கட்டாயமாகக் கிராமப் பணி செய்ய வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். தமிழ்நாடு முழுக்க மருத்துவ மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்திரிகைகளில் பல பேர், கிராமத்துக்குப் போக மனசில்லாத பிள்ளைகள் என்று திட்டி எழுதினார்கள். கிராமத்துக்கு டாக்டர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உசிலம்பட்டி மண்ணில் வளர்ந்தவன் நான். ஆனால் என் சார்ட்டில் இருந்த பிள்ளைகள் கேட்ட கேள்வி நியாயமானது. நிரந்தர இடங்களை வருஷக்கணக்கில் காலியாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வருஷமும் ஒரு புது வகுப்பை உதவித்தொகையில் அனுப்பினால், நிரந்தர இடம் எப்போது நிரப்புவீர்கள்? என் அப்பாவின் ஜன்னலில் கேட்ட "பழைய அய்யா எப்ப வருவாக" என்ற கேள்விதான் அது, மறுபக்கத்திலிருந்து.

வெளிநாட்டில் தற்காலிக டாக்டரின் விலை தலைகீழ். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒற்றை டாக்டர் உள்ள சிற்றூர்களுக்கு மாற்று டாக்டர் அனுப்பும் தொழில் 1970களின் இறுதியில் யூட்டாவில் தொடங்கியது. அங்கே ஏஜென்சி பயணச் செலவு, தங்குமிடம், வழக்கு வந்தால் காப்பீடு எல்லாம் கொடுக்கிறது. நாள் கூலியும் நிரந்தர ஆளின் ஒரு நாள் சம்பளத்தைவிட மேலே நிற்கும். காரணம் எளிது. அவர் பென்ஷனையும் உறுதியையும் விட்டுக்கொடுக்கிறார், அதற்கு விலை கேட்கிறார். பிரிட்டனில் 1960களிலும் 70களிலும் போய் வேலை செய்த மதுரை டாக்டர்கள் இதன் இரண்டு பக்கமும் கண்டவர்கள். ஆறு மாதப் பதவிகளில் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பதவிகளுக்கு நடுவில் லோக்கம் என்ற மாற்று டாக்டர் வேலை பார்த்தால் கையில் காசு நிற்கும், ஆனால் அது கன்சல்டன்ட் பதவிக்குக் கொண்டுபோகும் ஏணி இல்லை. 1975இல் பிரிட்டன் இந்தியப் பட்டங்களுக்கான நேரடி அங்கீகாரத்தை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்ததும் அந்தக் கதவு குறுகியது. திரும்பி வந்த ஒருவர் எங்களிடம் கன்சல்டன்ட்டாக இருந்தார். டூட்டி டாக்டர் கவரைப் பார்த்துவிட்டு, "அங்க லீவு டாக்டருக்குக் கூட்டிக் கொடுப்பான், நீங்க குறைச்சுக் கொடுக்கிறீங்களே" என்று சிரித்தார். நான் என்ன சொல்ல? அங்கே ஊருக்கு ஆள் கிடைக்கவில்லை. இங்கே கதவுக்கு வெளியே வரிசை நின்றது.

ஆனால் மதுரையிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. மயக்க டாக்டர். எந்த ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல், சிம்மக்கல்லில் ஒரு சிசேரியன், அண்ணா நகரில் ஒரு குடலிறக்கம், கே.கே. நகரில் ஒரு எலும்பு என்று காலை ஆறு மணியிலிருந்து ஸ்கூட்டரில் சுற்றுவார்கள். லாரிங்கோஸ்கோப், டியூப், ஊசிகள் எல்லாம் சொந்தப் பையில். மயக்க மெஷின் மட்டும் நர்சிங் ஹோமுடையது. பணம் கேஸுக்கு இவ்வளவு. பெரும்பாலும் சர்ஜன் ஃபீஸில் ஒரு பங்கு. நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டால் வர மாட்டார்கள், ஏன் வர வேண்டும்? ராத்திரி இரண்டு மணிக்கு பிரசவ வார்டில் குழந்தையின் துடிப்பு இறங்கும்போது ஊரில் அவர்கள் ஏழெட்டுப் பேர்தான் என்பது அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் சிசேரியனுக்கு வெளி மயக்க டாக்டரைக் கேஸ் கணக்கில் கூப்பிட்டுக்கொள்ள அரசே பின்னால் வழி செய்தது. அவர்களில் ஒருவர் பைபாஸ் ரோட்டில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு கூடி மறுபடி டியூப் பிடிக்கும்வரை ஒரு ரூபாய் வரவில்லை. ஆனாலும் சம்பள வேலைக்கு வரவில்லை.

டூட்டி டாக்டர் விஷயத்தில் கணக்குப் பிள்ளைகள் செய்த சூட்சுமத்தையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று எழுத மாட்டோம். தொழில்முறைக் கட்டணம் என்று எழுதுவோம். வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் பத்து சதவீதம் பிடித்துக் கட்டிவிட்டால் முடிந்தது. அவர் ஊழியர் இல்லை என்றாகிவிடும். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. பெண் டாக்டர் கர்ப்பமானால், 2017இல் 26 வாரமாக உயர்ந்த மகப்பேறு விடுப்பும் அவருக்கு இல்லை. சார்ட்டில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். ஆனால் இதே சூட்சுமத்தில் டாக்டருக்கு ஒரு லாபமும் இருந்தது. அதை நான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். மாதம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு 4,80,000. அதில் 48,000 வரியாகப் பிடித்திருப்போம். 2016-17 முதல் 44ஏடிஏ என்ற பிரிவு வந்தது. தொழில் வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். பாதி 2,40,000. அன்றைய வரி விலக்கு வரம்பு இரண்டரை லட்சம். ரிட்டர்ன் போட்டால் 48,000மும் அப்படியே திரும்பி வரும். ரிட்டர்ன் போடாமல் விட்டவர்கள்தான் அதிகம். அவர்கள் கண் முழுக்கப் பரீட்சையில் இருந்தது.

வழக்கு பயமும் சேர்ந்தது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ராத்திரி கேஸ் ஷீட்டில் யார் கையெழுத்து என்பது முக்கியமாகிவிட்டது. அட்மிஷன் நேரத்தில் இருந்தது டூட்டி டாக்டர். முடிவெடுத்தது வீட்டில் தூங்கிய கன்சல்டன்ட், அதுவும் போனில். நோட்டீஸ் வந்தால் இரண்டு பெயரும் வரும். கன்சல்டன்ட்டுக்கு இண்டெம்னிட்டி பாலிசி இருக்கும், டூட்டி டாக்டருக்கு இருக்காது. அதனால் விவரமுள்ள டூட்டி டாக்டர்கள் போனில் சொன்னதை மணி நிமிஷத்தோடு ஷீட்டில் எழுதி வைப்பார்கள். பெரிய டாக்டர்களுக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

வேலைக்கு வரும்போது அவர்கள் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் அல்ல. "நைட்ல எத்தன கேஸ் வரும் சார்?" குறைவு என்றால் குறைந்த கவருக்கும் வருவார்கள், விளக்குக்குக் கீழே படிக்கலாம். பிரசவம் அதிகமுள்ள இடம் என்றால் கூடுதலாகக் கொடுத்தாலும் தயங்குவார்கள். தேசிய அளவில் நீட் பி.ஜி. வந்த பிறகு இது இன்னும் கெட்டியானது. மாநிலங்கள் அரசு டாக்டர்களுக்கு மேல்படிப்பில் ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை நடுவில் சில வருஷம் அந்த வழியே குழம்பிக் கிடந்தது. அந்த வருஷங்களில் கிராமத்துக்குப் போனால் சீட் கிடைக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டவுனில் நைட் டூட்டியும் பகலில் கோச்சிங்கும் பாதுகாப்பாகத் தெரிந்தது.

2019 அக்டோபர் 25இல் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 2009இல் வந்த அரசாணை 354இன்படி காலமுறை ஊதிய உயர்வு வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. திரும்பாதவர்களின் இடங்கள் காலியானதாக அறிவிக்கப்பட்டுப் புதியவர்கள் நியமிக்கப்படுவார்கள் என்று அரசு சொன்னது. வேலைநிறுத்தம் நவம்பர் 1இல் முடிந்துவிட்டது. எங்கள் டூட்டி அறையில் அந்த வாரம் ஒரு வினோதமான மௌனம். மூத்தவர்கள் போராட்டம் ஜெயித்தால் இவர்களுக்கும் நல்லது. தோற்றால் இவர்களுக்கு ஆர்டர் வரலாம்.

அடுத்த வருஷம் கொரோனா. 2020 டிசம்பர் 14இல் அம்மா மினி கிளினிக் தொடங்கினார்கள். மாநிலம் முழுக்க 2,000 என்று திட்டம், டாக்டர்கள் தற்காலிக நியமனம், மாதம் 60,000. 2022 ஜனவரியில் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். இந்த 60,000த்தை நிரந்தர ஆளின் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். உதவி மருத்துவருக்கு அடிப்படைச் சம்பளம் 56,100. சேர்ந்த அன்றைக்குத் தற்காலிகர் ஒன்றும் மோசமில்லை என்று தோன்றும். அன்று பஞ்சப்படி 17 சதவீதம், அதுவும் உறைய வைக்கப்பட்டிருந்தது. 2024 ஜனவரியில் பஞ்சப்படி 50 சதவீதம் ஆனது. 2020 டிசம்பரில் சேர்ந்தவருக்கு அதற்குள் மூன்று இன்க்ரிமெண்ட் கூடி அடிப்படை 61,300. பஞ்சப்படியோடு 91,950, வீட்டு வாடகைப் படி தனி. அறுபதாயிரம் அறுபதாயிரமாகவே இருக்கிறது. வித்தியாசம் சேரும் நாளில் இல்லை, அதற்குப் பின் வரும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் இருக்கிறது.

2023 ஜூன் 6இல் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஐந்நூறு ஒரே நாளில் திறக்கப்பட்டன. மொத்தத் திட்டம் 708. மதுரை மாநகராட்சியிலும் வார்டுகளுக்குள் வந்திருக்கின்றன. டாக்டர் ஒப்பந்தம், அதே 60,000. நேரம் காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை நாலு முதல் எட்டு.

எங்கள் தெருவில் ஒரு பெண் ஹவுஸ் சர்ஜன் முடித்துவிட்டு என்னிடம் வந்தாள். கையில் மூன்று வழி. மையத்து ஒப்பந்தம், ஒரு நர்சிங் ஹோமில் நைட் டூட்டி, இரண்டும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து நீட் பி.ஜி.யோடு அரசு டாக்டர் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கும் படிப்பது. தாளில் மூன்று பத்தி போட்டு எழுதிக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை.

"மாமா, அந்த நர்சிங் ஹோம்ல நைட்ல எத்தன கேஸ் வருதுன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."

என் இடத்துக்கு வந்திருக்கும் மேனேஜருக்குப் போன் போட்டேன். அவருக்கு அந்த இடம் தெரியும். மகப்பேறு கேஸ் அதிகம், தூங்கவே முடியாது, படிப்பதாவது என்றார். சொன்னேன். பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறதே என்று கணக்குப் பார்த்து மையத்தில் சேர்ந்துவிட்டாள். சேருகிற அன்றைக்கே, வரியை எந்தப் பிரிவில் பிடிக்கப் போகிறார்கள் என்று ஆபீஸில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.